பழைய டெல்லில் வைஃபை: 6.30.223.271-க்கு அடுத்த டிரைவர் எங்கே?

கேள்வி: 2025 செப்டம்பர் 13

டெல் இன்ஸ்பைரான் 1545. அண்ணன் கல்லூரியில் பயன்படுத்தியது, இப்போது என்னிடம். டெபியன் 12 லினக்ஸில் வைஃபை நன்றாக ஓடியது. போன வாரம் டெபியன் 13-க்கு மாற்றினேன், வைஃபை சின்னமே காணவில்லை. டிரைவர் பழசாகிவிட்டது என்று நினைக்கிறேன். தேடினால் எங்கு பார்த்தாலும் 6.30.223.271 என்ற ஒரே பதிப்புதான் வருகிறது. புதிய டிரைவரை எங்கே டவுன்லோடு செய்வது?

செப்டம்பர் 13, இரவு

முதலில் லேப்டாப்பை நெட்டில் சேருங்கள், டிரைவரை அப்புறம் பார்க்கலாம். மூன்று வழி இருக்கிறது.

1545-ல் லேன் கேபிள் துளை உண்டு. அதிலிருப்பது மார்வெல் யூக்கான் சிப். அதற்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது, கேபிளைச் செருகினால் போதும். கேபிள் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி வயரில் இணைத்து, போன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸ் அதை ஒரு லேன் கார்டாகவே பார்க்கும். இதற்காக எதையும் நிறுவ வேண்டாம்.

மூன்றாவது வழி பலருக்கும் நினைவுக்கு வராது. டெபியன் 13 புதிய கெர்னலைப் போட்டாலும் பழையதைத் தானாக அழிக்காது. பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போனால் 6.1 என்று தொடங்கும் கெர்னல் இன்னும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் வைஃபை வந்தால் கார்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், பாதிக் கவலை விட்டது.

அப்புறம் டெர்மினலில் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை ‘-என்என்கே’ சேர்த்து ஓட்டி, நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று வரும் பகுதியை இங்கே போடுங்கள். லேப்டாப் மாடலை வைத்து டிரைவர் தேடாதீர்கள். ஒரே மாடலில் ஒரு தொகுதிக்கு ஒரு கார்டு, அடுத்த தொகுதிக்கு வேறு கார்டு என்று கம்பெனிகள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சதுர அடைப்புக்குள் நான்கு நான்காக வரும் எழுத்தும் எண்ணும்தான் கார்டின் உண்மையான அடையாளம்.

செப்டம்பர் 14, காலை

எண் வந்துவிட்டது: 14இ4:4315. முதல் பாதி பிராட்காம் கம்பெனியைக் குறிக்கும், இரண்டாம் பாதி பிசிஎம் 4312 சிப்பை. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், பி மற்றும் ஜி தரம் மட்டும். தாளில் 54 எம்பிபிஎஸ், கையில் கிடைப்பது 20 சொச்சம்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: புதிய பதிப்பு கிடையாது. 6.30.223.271 தான் பிராட்காம் பொதுமக்களுக்குக் கொடுத்த கடைசி ‘டபிள்யூஎல்’ டிரைவர், அது 2015-ல் வந்தது. அதற்குப் பிறகு கெர்னல் எவ்வளவோ மாறிவிட்டது. இந்த டிரைவரின் நடுப்பகுதி மூலநிரல் இல்லாத மூடிய கோப்பு, அதை யாரும் தொட முடியாது. அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய திறந்த பகுதியை டெபியன், உபுண்டு, ஆர்ச் ஆட்கள் புதிய கெர்னலுக்குத் தகுந்தபடி ஒட்டுப்போட்டு ஓட வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக பதிப்பு எண் அதேதான், ஒட்டுகள்தான் புதியவை. அந்த எண்ணை வைத்து டிரைவர் புதுசா பழசா என்று உங்களால் சொல்ல முடியாது.

ஏதோ இணையதளத்தில் ‘4312 லேட்டஸ்ட் டிரைவர்’ என்று ஒரு கோப்பு கிடைத்தால் தொடாதீர்கள்.

செப்டம்பர் 14, மதியம்

ஏன் காணாமல் போனது என்பதற்கு ஒரு சின்ன சோதனை. ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ என்று ஓட்டுங்கள். கெர்னல் மாறும்போதெல்லாம் வெளி டிரைவரை அந்தக் கெர்னலுக்காக மறுபடி கட்டித் தருவது டிகேஎம்எஸ்ஸின் வேலை. பிராட்காம் வரியின் கடைசியில் ‘இன்ஸ்டால்டு’ என்று இருந்தால் கட்டப்பட்டிருக்கிறது. வெறும் ‘ஆடட்’ என்றால் மூலக்கோப்பு மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது, கட்டும் வேலை நடக்கவில்லை.

கட்டுவதற்கு அந்தக் கெர்னலின் ஹெடர் கோப்புகள் வேண்டும். டெபியனில் கெர்னலை நிறுவினால் ஹெடர் தானாகக் கூட வராது. ‘லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64’ என்ற பேக்கேஜ் இருந்தால்தான் ஒவ்வொரு புதிய கெர்னலோடும் ஹெடர் சேர்ந்து வரும். 12-ல் யாரோ குறிப்பிட்ட பதிப்புக்கான ஹெடரை மட்டும் நிறுவியிருந்தால், 13-ன் 6.12 கெர்னலுக்கு ஒன்றும் இருக்காது. டிகேஎம்எஸ் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

செப்டம்பர் 14, இரவு

‘ஆடட்’ தானா? சரி. ஹெடரை நிறுவி டபிள்யூஎல்லையே திரும்பக் கட்டலாம், சில நிமிட வேலை. ஆனால் இந்தச் சிப்புக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கட்டுவதற்கு முன் அதையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நாளை எழுதுகிறேன்.

செப்டம்பர் 16

14-ஆம் தேதி சொன்ன அந்த இன்னொரு வழி, பி43. கெர்னலுக்குள்ளேயே இருக்கும் திறந்த டிரைவர் இது. பிராட்காம் ஒரு பக்கம் ஆவணமும் தராத காலத்தில், ஒரு குழு மூடிய டிரைவரைப் பிரித்துப் படித்து அது என்ன செய்கிறது என்று விவரக்குறிப்பு எழுதியது. அந்த டிரைவரையே பார்க்காத இன்னொரு குழு, குறிப்பை மட்டும் வைத்து புதிதாக நிரல் எழுதியது. 2006-ல் கெர்னல் 2.6.17-ல் முதல் வடிவம் சேர்ந்தது, 2008-ல் 2.6.24-ல் பி43 என்ற பெயரோடு வந்தது. உங்கள் 4312 வகைக்கு 2009 டிசம்பரில் வந்த 2.6.32-ல் ஆதரவு கிடைத்தது. கெர்னலோடு சேர்ந்தே இருப்பதால், கெர்னல் மாறினால் இதுவும் கூடவே மாறும். நீங்கள் தனியாக எதையும் அப்டேட் செய்ய வேண்டாம்.

அப்படியானால் ஏன் நேராக ஓடுவதில்லை? ஃபர்ம்வேர்தான் காரணம். டிரைவர் ஓடுவது லேப்டாப்பின் பிராசசரில், ஃபர்ம்வேர் ஓடுவது வைஃபை சிப்புக்குள் இருக்கும் குட்டி பிராசசரில். அதைச் சேமித்து வைக்கும் இடம் இந்தச் சிப்பில் கிடையாது. ஒவ்வொரு பூட்டிலும் டிரைவர்தான் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்து உள்ளே ஏற்ற வேண்டும். அந்தக் கோப்பு இல்லையென்றால், கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ பதிவில் ‘பி43/யூகோட்15.எஃப்டபிள்யூ’ கிடைக்கவில்லை என்று ஒரு வரி வரும். பழைய லேப்டாப்பில் வைஃபை இல்லை என்று என்னிடம் வருகிறவற்றில் பாதிக்கு மேல் இப்படி ஃபர்ம்வேர் விடுபட்ட கேஸ்தான். டிரைவர் நன்றாகவே இருக்கும்.

டெபியன் 12-லிருந்து (2023 ஜூன்) நிறுவும்போதே கட்டற்றது அல்லாத ஃபர்ம்வேர்களும் கூடவே வருகின்றன. 2022-ல் ஓட்டெடுப்பு நடத்தி எடுத்த முடிவு அது. இன்டெல், ரியல்டெக் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் பி43-ன் ஃபர்ம்வேர் அதில் இல்லை, ஏனென்றால் அதை மற்றவர்கள் வினியோகிக்க பிராட்காம் அனுமதி கொடுக்கவில்லை. அதனால் டெபியன் ஒரு சுற்றுவழி வைத்திருக்கிறது. அதன் பேக்கேஜ் களஞ்சியத்தின் ‘கான்ட்ரிப்’ பகுதியில் ‘ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்’ என்ற பேக்கேஜ் இருக்கிறது. நிறுவும் நேரத்தில் அது நெட்டிலிருந்து பழைய பிராட்காம் டிரைவரை இறக்கி, ‘எஃப்டபிள்யூகட்டர்’ என்ற கருவியால் அதற்குள்ளிருந்து ஃபர்ம்வேரை வெட்டியெடுத்து வைக்கும். வைஃபை வர நெட் வேண்டும் என்ற இந்தச் சிக்கலுக்காகத்தான் முதல் குறிப்பிலேயே யுஎஸ்பி டெதரிங் சொன்னேன்.

ஒழுங்காக ஏறினால் டிமெசேஜில் ‘லோடிங் ஃபர்ம்வேர் வெர்ஷன் 666.2’ என்றும் பக்கத்தில் 2011-02-23 என்ற தேதியும் வரும். அந்த வரியைப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

செப்டம்பர் 17

செய்துபார்த்தும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டபிள்யூஎல் பேக்கேஜ் இன்னும் இருக்கிறதா? அது பி43-ஐயும் அதோடு சேர்ந்த எஸ்எஸ்பி போன்றவற்றையும் தடைசெய்யும் ஒரு கோப்பை ‘மாட்புரோப்.டி’ அடைவில் போட்டு வைத்திருக்கும். ‘ரிமூவ்’ செய்தால் அந்தக் கோப்பு அங்கேயே தங்கிவிடும், ‘பர்ஜ்’ செய்தால்தான் போகும். பர்ஜ் செய்து, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ ஓட்டி, ரீஸ்டார்ட்.

செப்டம்பர் 17, இரவு

வந்ததில் மகிழ்ச்சி! எல்எஸ்பிசிஐ-யில் ‘பி43-பிசிஐ-பிரிட்ஜ்’ என்று காட்டுவதைப் பார்த்து வேறு டிரைவர் ஏறிவிட்டது என்று பதற வேண்டாம். இந்தச் சிப்பில் அப்படித்தான் காட்டும்.

செப்டம்பர் 20

இழையைப் படித்த இன்னொருவர் ஹெச்பி வைத்திருக்கிறார். ரியல்டெக் 8723பிஇ. ரவுட்டர் பக்கத்தில் வைத்தால் வருகிறது, அடுத்த அறைக்குப் போனால் போய்விடுகிறது. கிட்ஹப்பிலிருந்து புதிய டிரைவர் போடலாமா என்கிறார்.

வேண்டாம். அந்தச் சிப்பில் ஆன்டெனா இணைக்க இரண்டு முனை உண்டு. ஹெச்பி லேப்டாப்கள் பலவற்றில் ஒரே ஒரு ஆன்டெனா வயர்தான் இருக்கும், அதுவும் டிரைவர் எதிர்பார்க்காத முனையில் செருகியிருக்கும். டிரைவர் காலி முனையில் காது வைத்துக்கொண்டிருக்கிறது. ‘மாட்புரோப்.டி’ அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி ‘ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஏஎன்டி_எஸ்இஎல்=2’ என்று ஒரு வரி (எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில்). ரீஸ்டார்ட். சரியாகவில்லை என்றால் 2-ஐ 1 ஆக்குங்கள். என் தங்கை மகளின் ஹெச்பியில் இந்த ஒற்றை வரியைப் போட்டதும் ஒரு கோடு காட்டிய சிக்னல் முழுதாக நிரம்பியது. அவளும் அதுவரை ஏகப்பட்ட டிரைவர்களை ஏற்றி இறக்கியிருந்தாள்.

இன்னொன்றும் ரியல்டெக்காரர்களுக்கு. 8821சிஇ-க்கு ஒரு காலத்தில் வெளி டிரைவர் போட்டே ஆக வேண்டியிருந்தது. கெர்னல் 5.9-லிருந்து ‘ஆர்டிடபிள்யூ88’ அதை உள்ளேயே பார்த்துக்கொள்கிறது. யூடியூப் பார்த்து அப்போது போட்ட டிகேஎம்எஸ் டிரைவர் இன்னும் கிடந்தால் கழற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே கார்டுக்கு அடித்துக்கொள்ளும்.

செப்டம்பர் 21

தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் எந்த டிரைவர் என்று கேட்டிருக்கிறார்கள். பல கம்பெனி, பல ஆண்டு, பல மாடல். பொதுவான பதில் ஒன்று சொன்னால் அது யாருக்காவது தப்பாகப் போகும். எல்எஸ்பிசிஐ எண்ணைப் போடுங்கள், எண்ணுக்குத்தான் பதில்.

செப்டம்பர் 24

டிரைவர், ஃபர்ம்வேர் எல்லாம் சரி, பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, தன் வீட்டு வைஃபை மட்டும் தெரியவில்லை என்கிறார் ஒருவர். ரவுட்டரைப் பாருங்கள். தானியங்கி சேனல் தேர்வில் அது 12-க்கோ 13-க்கோ போயிருக்கும். இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு. ஆனால் சில கார்டுகளுக்குள் அமெரிக்க விதி பதிந்திருக்கும், அவை 11-க்கு மேல் எட்டிக்கூடப் பார்க்காது. ‘ஐடபிள்யூ ரெக் கெட்’ என்றால் எந்த நாட்டு விதி ஓடுகிறது என்று தெரியும். ‘ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன்’ என்று மாற்றலாம். ஆனாலும் கார்டுக்குள் பதிந்ததை அது மீறாது. ரவுட்டரில் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக நிலைநிறுத்துவதுதான் நிச்சயமான வழி.

ரவுட்டர் பக்கம் போனதும் இன்னும் இரண்டைப் பார்த்துவிடுங்கள். 4312 போன்ற ஜி தர கார்டு, ‘802.11 என் தரம் மட்டும்’ என்று வைத்த ரவுட்டரில் சேரவே சேராது. வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தாலும் இந்த வயதுக் கார்டுகள் திணறும். 2.4 பட்டைக்கு டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் வையுங்கள்.

செப்டம்பர் 25

இன்டெல் வைத்திருப்பவர்களுக்குச் சின்னதாக. டிமெசேஜில் ‘ஐடபிள்யூஎல்வைஃபை… ஃபெயில்டு வித் எரர் -2’ என்று வரிசையாகச் சிவப்பில் வரும். டிரைவர் தனக்குத் தெரிந்த மிகப் புதிய ஃபர்ம்வேர் எண்ணிலிருந்து கீழ்நோக்கித் தேடிக்கொண்டு வருகிறது, ஒவ்வொன்றும் கிடைக்காதபோது ஒரு வரி எழுதுகிறது. கடைசியில் ‘லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்’ என்று வந்திருந்தால் எல்லாம் நலம். 7260 கார்டுக்கு 17-ஆம் எண்தான் கடைசி, அதற்கு மேல் தேடி அலையாதீர்கள்.

செப்டம்பர் 28

பி43 பற்றி எழுதும்போதே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. லாரி ஃபிங்கர். பி43-ஐயும் ரியல்டெக் டிரைவர்கள் பலவற்றையும் பல ஆண்டுகள் கட்டிக் காத்தவர். 2024 ஜூனில் 84 வயதில் காலமானார். அவருடைய தொழில் கணினி கிடையாது. வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தில் படிகங்களை ஆராய்ந்த விஞ்ஞானி. எல் சால்வடோரின் இசால்கோ எரிமலையில் கிடைத்த செம்பு வனேடியக் கனிமம் ஒன்றுக்கு அவர் பெயரால் ஃபிங்கரைட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓய்வுக்காலத்தில்தான் வைஃபை டிரைவர் பக்கம் வந்தார். கெர்னலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் கொடுத்திருக்கிறார். நம் பழைய கார்டுகளில் எத்தனையோ இன்றும் உயிரோடு இருப்பது அவரால்தான். மன்றங்களில் யாரோ ஒரு புதியவர் பாதி விவரத்தோடு கேட்கும் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் எழுதுவார். நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்தப் பதில்களைப் படித்துத்தான்.

அக்டோபர் 4

16-ஆம் தேதி குறிப்புக்குப் பிறகு, “டபிள்யூஎல் கொஞ்சம் வேகம், பி43-ல் தூரம் குறைகிறது, திரும்ப டபிள்யூஎல்லுக்கே போகட்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். தூரம் குறைவது உண்மை. 4312-ல் பி43 போட்டால் வீட்டின் கடைசி அறையில் தடுமாறுவதை நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் டபிள்யூஎல் வேண்டாம் என்றுதான் சொல்வேன். புதிய கெர்னலில் உடைவது மட்டும் காரணமில்லை. 2019 ஏப்ரலில் அந்த டிரைவரில் இரண்டு பாதுகாப்பு ஓட்டைகள் வெளியாயின, சிவிஇ-2019-9501, 9502. வைஃபையில் சேரும்போது ரவுட்டரும் லேப்டாப்பும் சாவி பரிமாறிக்கொள்ளும் அல்லவா, அப்போது வரும் செய்தியின் ஒரு பகுதி 32 பைட்டைத் தாண்டினால் முதல் ஓட்டை, 164 பைட்டைத் தாண்டினால் இரண்டாவது. அளவைச் சரிபார்க்காமல் நினைவகத்தில் எழுதிவிடுகிறது. ரவுட்டர் போல நடிக்கும் ஒரு கருவி பக்கத்தில் இருந்தால் கெர்னலுக்குள்ளேயே கைவைக்க வழி கிடைக்கும். நம்மிடம் இருக்கும் பொதுப் பதிப்பு 2015-லேயே நின்றுவிட்டது. நடுப்பகுதி மூடிய கோப்பு என்பதால் ஒட்டுப்போடுகிறவர்களும் அதைச் சரிசெய்ய முடியாது. கல்லூரி, பேருந்து நிலையம், டீக்கடை என்று கண்ட இடத்தில் இணைக்கும் லேப்டாப்பில் இதை எப்படி வைப்பது?

அதனால் என் முடிவு இப்போது இப்படி: வீட்டுக்குள் இருக்கும் லேப்டாப், சாதாரணப் பயன்பாடு என்றால் பி43 போதும். வீடியோ வகுப்பு, பெரிய வீடு என்றால் கார்டையே மாற்றுங்கள். கடையில் பழைய கார்டு சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அக்டோபர் 5

எந்தக் கார்டு? 1545-ல் இருப்பது அரை அளவு மினி பிசிஐ எக்ஸ்பிரஸ். அதே அளவில் ஏத்தரோஸ் ஏஆர்9285 கிடைத்தால் வாங்குங்கள். அதன் ‘ஏடிஹெச்9கே’ டிரைவர் 2008 முதல் கெர்னலில் இருக்கிறது, ஃபர்ம்வேர் கோப்பே தேவையில்லை. இதைவிட நிம்மதியான கார்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அதுவும் 2.4 மட்டும். 5 கிகாஹெர்ட்ஸும் வேண்டுமென்றால் இன்டெல் 7260-ன் மினி பிசிஐ வடிவம். அதே எண்ணில் எம்.2 வடிவமும் உண்டு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கும். பழைய கார்டைக் கையோடு எடுத்துப்போய் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

மாற்றும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். கார்டின் ஓரத்தில் இரண்டு குட்டிப் பித்தளை வட்டங்களில் வெள்ளை வயர், கறுப்பு வயர் இருக்கும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. நகத்தை முனைக்கு அடியில் கொடுத்து நேர்மேலே தூக்கினால் ‘டிக்’ என்று வரும். டெல் கார்டுகளில் வெள்ளை முக்கோணம், கறுப்பு முக்கோணம் அச்சடித்திருக்கும், நிறத்துக்கு நிறம். வேறு கார்டில் மெயின் என்று போட்டதற்கு வெள்ளை, ஆக்ஸ் என்று போட்டதற்குக் கறுப்பு. திரும்பப் போடும்போது வட்டத்தின் மேல் சரியாக உட்கார வைத்து ஒரே அழுத்து. கோணலாக அழுத்தினால் நடு ஊசி வளைந்துவிடும், அப்புறம் அந்த முனை வீண்.

அக்டோபர் 6

முக்கியம், நேற்றே எழுதியிருக்க வேண்டியது: இது டெல்லுக்குச் சரி. பழைய திங்க்பேட்களில் பயாஸ் (பூட் ஆகும்போது முதலில் ஓடும் நிரல்) தனக்கு அறிமுகமான கார்டுகளின் பட்டியல் வைத்திருக்கும். வேறு கார்டைப் போட்டால் 1802 என்ற எண்ணோடு, அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு என்று சொல்லி பூட்டே ஆகாது. பழைய ஹெச்பிக்களிலும் இப்படிப் பட்டியல் உண்டு. அவர்கள் உங்கள் மாடலுக்கென்று பட்டியலில் உள்ள கார்டையே தேடி வாங்க வேண்டும், அல்லது குட்டி யுஎஸ்பி கார்டு ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.

அக்டோபர் 15

நேற்றோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. காலையிலிருந்து இந்த இழைக்குப் புதியவர்கள் நிறைய வருகிறார்கள். பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போடாமல் லினக்ஸ் போடுகிற எல்லோரையும் வரவேற்கிறேன். உங்களிடம் ஒரே வேண்டுகோள், நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்து லைவாக பூட் செய்து வைஃபை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அங்கேயே எல்எஸ்பிசிஐ எண்ணையும், ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ சொல்வதையும், டிமெசேஜில் ஃபர்ம்வேர் என்று வரும் வரிகளையும் குறித்துக்கொண்டு கேளுங்கள். ஆர்எஃப்கில்லில் ‘ஹார்டு பிளாக்டு: யெஸ்’ என்றிருந்தால் லேப்டாப்பின் ஓரத்திலோ விசைப்பலகையிலோ வைஃபை சுவிட்ச் அணைந்திருக்கிறது, எந்த டிரைவரும் அதை மாற்றாது.

செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரலை ஏற்காத பாதுகாப்பு) உள்ள லேப்டாப் என்றால் இன்னொன்று. டிகேஎம்எஸ் கட்டும் டிரைவருக்குக் கையொப்பம் வேண்டும். உபுண்டுவில் நிறுவும்போது கடவுச்சொல் ஒன்று கேட்கும், அடுத்த பூட்டில் நீலத்திரையில் அதே கடவுச்சொல்லைக் கொடுத்து சாவியைப் பதிய வேண்டும். அந்த நீலத்திரையை என்டர் தட்டித் தாண்டிவிட்டால் டிரைவர் கட்டப்பட்டிருந்தும் ஏறாது.

அக்டோபர் 19

1545-க்கு ஏஆர்9285 போட்டாயிற்று, கடைசி அறையிலும் வருகிறது, ஆனால் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் முதல் பக்கம் திறக்க இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மின்சேமிப்புதான். ‘ஐடபிள்யூ’ கட்டளையில் உங்கள் கார்டின் பெயரோடு ‘செட் பவர்_சேவ் ஆஃப்’ கொடுத்துப் பாருங்கள். சரியானால், நெட்வொர்க்மேனேஜரின் ‘கான்ஃப்.டி’ அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி, ‘கனெக்‌ஷன்’ தலைப்பின் கீழ் ‘வைஃபை.பவர்சேவ்=2’ என்று எழுதி வையுங்கள். 2 என்றால் அணை, 3 என்றால் போடு. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அந்த வயது பேட்டரியில் எப்படியும் சார்ஜரோடுதான் இருக்கும்.

ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலரை இனி கழற்றிவிடலாம். லினக்ஸ்-ஹெடர்ஸும் வேறு எதற்கும் தேவையில்லை என்றால் அதையும்.